வால் இல்லாமல் வந்த பேக்கப்: பிஜிபேக்ரெஸ்ட், 3 வருட அனுபவம்

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி பஸ் ஏறி வந்து, மஞ்சப் பையிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு “எல்லாமே இதுல இருக்குங்கண்ணா” என்றார். நூல் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கடையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்பவர். அவர்களுடைய சர்வரும், பேக்கப்புகளைச் சேர்த்து வைக்கிற கிடங்கான ரெப்போவும் ஒரே இடத்தில் வாடகைக்கு இருந்தன, பில் தகராறில் அக்கவுன்ட் மூடப்பட்டுவிட்டது, மூடுவதற்கு முன் கிடைத்த ஒன்றரை நாளில் இவர் முடிந்ததை இறக்கி வைத்திருக்கிறார். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடிய இரண்டு டேட்டாபேஸ்கள்: ஒன்று கணக்கு, இன்னொன்று ஸ்டாக். இரண்டுக்கும் பேக்கப் எடுத்தது பிஜிபேக்ரெஸ்ட் என்கிற மென்பொருள். கான்ஃபிக் எழுதியது 3 வருடத்துக்கு முன்பு நான்தான்.

கணக்கு டேட்டாபேஸ் முக்கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்டாக் டேட்டாபேஸுக்கு நான்கு நாள் ஆனது, இன்றைக்கும் அதில் சில எண்களை நான் முழுசாக நம்பவில்லை. ஒரே மென்பொருள், ஒரே டிஸ்க், ஒரே ஆள் எழுதிய கான்ஃபிக். வித்தியாசம் ஒரு வரி.

சரி, தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பிஜிபேக்ரெஸ்ட் இலவசம், எம்ஐடி உரிமத்தில் வருகிற திறமூல மென்பொருள், போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மட்டும்தான். முதலில் பெர்ல் மொழியில் இருந்ததை மெல்ல மெல்ல சி மொழிக்கு மாற்றி 2020 வாக்கில் முடித்தார்கள். முழு பேக்கப், அதற்கப்புறம் மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப், பல கோர்களில் ஒரே நேரத்தில் சுருக்குவது, ஒவ்வொரு ஃபைலுக்கும் அது கெடவில்லை என்று சரிபார்க்கும் செக்சம், எஸ்3, அஷூர், கூகுள் ஸ்டோரேஜ் என்று கிளவுடில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் வசதி, எல்லாம் உண்டு. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூன்று வருடத்தில் ஒரு ராத்திரி கூட அது தானாகக் கெட்டு என்னை எழுப்பியதில்லை. ஆனால் ராத்திரி பேக்கப் ஓடுவதை வைத்துப் பேக்கப் மென்பொருளுக்கு மார்க் போடுவது, பொண்ணு பார்க்கப் போன அன்றைக்குக் கொடுத்த காபியை வைத்துச் சமையலுக்கு மார்க் போடுகிற மாதிரிதான். ரெஸ்டோர் செய்யும் நாளில்தான் தெரியும், அதுவும் பழைய ரெப்போ கைக்கு எட்டாத நாளில்.

அந்த ரெப்போவைத் திறந்தால் உள்ளே இரண்டே இரண்டு ஃபோல்டர். ஒன்றின் பெயர் பேக்கப், மற்றொன்றின் பெயர் ஆர்கைவ். பேக்கப்பில் டேட்டாபேஸ் ஃபைல்களின் பிரதி இருக்கும், ஒவ்வொரு தடவைக்கும் தேதியும் நேரமும் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர், முழு பேக்கப் என்றால் கடைசியில் எஃப் என்ற எழுத்து. ஆர்கைவில் இருப்பது வால் ஃபைல்கள். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் எழுதி வைக்கும் அந்தக் குறிப்பேட்டுக்கு ஆங்கிலச் சுருக்கம் தமிழில் அப்படியே வால் என்று வந்து விழுகிறது, எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்பி, ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே போகும்.

தம்பி கொண்டு வந்த டிஸ்க்கில் பேக்கப் ஃபோல்டர் மட்டும் இருந்தது. “அந்த ஆர்கைவ் 600 ஜிபிக்கு மேல இருந்துச்சுங்க, டைம் பத்தலை, பழசுதானேன்னு விட்டுட்டேனுங்க” என்றார். அவர்மேல் கோபமே வரவில்லை. ஆர்கைவ் என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் பரணில் போட்ட பழைய பேப்பர் கட்டுதானே நினைவுக்கு வரும்? பேக்கப் என்று பெயர் போட்ட ஃபோல்டரை எடுத்துவிட்டு, ஆர்கைவ் என்று பெயர் போட்டதை விட்டுவிட்டு வருகிற மனிதனைத் தப்பு சொல்ல முடியாது. பெயர் வைத்தவர்களைத்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஏன் அது இல்லாமல் ஆகாது? ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸைப் பேக்கப் எடுப்பது, வியாபாரம் நடக்கும்போதே கோடவுனில் ஸ்டாக் எண்ணுவது மாதிரி. நீங்கள் கிழக்கு மூலையில் எண்ண ஆரம்பித்து மேற்கு மூலைக்கு வருவதற்குள் கிழக்கிலிருந்து 20 பை வெளியே போயிருக்கும், மேற்கில் 10 பை உள்ளே வந்திருக்கும், ஒரு பையைக் கிழக்கில் எண்ணிய பிறகு அது மேற்கே நகர்ந்து அங்கேயும் எண்ணப்பட்டிருக்கும். எண்ணிய நோட்டு மட்டும் போதாது, எண்ண ஆரம்பித்த நிமிடத்திலிருந்து முடித்த நிமிடம் வரை போட்ட சலான்களும் வேண்டும், இரண்டையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். அந்தச் சலான்கள்தான் வால். முழு 600 ஜிபியும் தேவையில்லை, பேக்கப் ஓடிய அந்த நாற்பது ஐம்பது நிமிடத்துக்கு உண்டானது போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

கணக்கு டேட்டாபேஸ் தப்பித்ததற்குக் காரணம் ஆர்கைவ்-காப்பி என்கிற ஆப்ஷன். இதை ஆன் செய்தால், பேக்கப்பை நேராக்கத் தேவையான அந்தக் கொஞ்ச வால் ஃபைல்களை மட்டும் ஆர்கைவிலிருந்து எடுத்துப் பேக்கப் ஃபோல்டருக்கு உள்ளேயே ஒரு பிரதி வைத்துவிடும். கணக்கு ஸ்டான்ஸாவில், அதாவது கான்ஃபிக்கில் அந்த டேட்டாபேஸுக்கான பகுதியில், அதை ஆன் செய்து வைத்திருந்தேன் (ஆடிட்டருக்கு வருடக் கடைசி பேக்கப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று அப்போது கேட்டார்கள், அதனால்). ஸ்டாக்குக்கு யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை. அதன் இயல்புநிலை ஆஃப். அதிகாரப்பூர்வ கையேட்டிலேயே இந்த வசதியைக் கொஞ்சம் அதீத பயம் கொண்டவர்களுக்கானது என்கிற தொனியில்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொனியைப் படித்துவிட்டு நாமும் சரி, நமக்கு எதற்கு என்று நகர்ந்துவிடுகிறோம்.

உங்கள் கையில் இப்படி ஒரு அனாதை டிஸ்க் வந்தால், முதலில் பேக்கப் டாட் இன்ஃபோ என்கிற ஃபைலைத் திறந்து பாருங்கள். ரெப்போவை என்கிரிப்ட் செய்திருக்காவிட்டால் அது சாதாரண எழுத்து ஃபைல்தான். ஒவ்வொரு பேக்கப்புக்கும் ஒரு வரி, அந்த வரிக்குள் ஆப்ஷன்-ஆர்கைவ்-காப்பி என்று இருக்கும், பக்கத்தில் ட்ரூ என்றால் மூச்சு விடலாம், ஃபால்ஸ் என்றால் காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். அதே வரியில் எந்த வால் ஃபைலில் ஆரம்பித்து எதில் முடிகிறது என்றும் எழுதியிருக்கும். யாரிடமாவது ஆர்கைவின் ஒரு துண்டாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடும்போது இந்த இரண்டு பெயர்கள்தான் உங்கள் முகவரி. ஒருவேளை கிடைத்தால் ஒரு சின்ன விஷயம்: ஆர்கைவில் வால் ஃபைலின் 24 எழுத்துப் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 40 எழுத்து செக்சமும், எந்த வகையில் சுருக்கியது என்று சொல்லும் பின்னொட்டும் ஒட்டியிருக்கும். கையால் எடுத்து வைப்பதாக இருந்தால் விரித்து, அந்த ஒட்டையெல்லாம் வெட்டிவிட்டு, வெறும் 24 எழுத்துப் பெயரோடு போஸ்ட்கிரெஸ்ஸின் பிஜி-வால் ஃபோல்டரில் போட வேண்டும். இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் கண்ணெதிரே இருக்கிற ஃபைலைக் காணவில்லை என்று சொல்லும்.

கணக்கு டேட்டாபேஸ் ரெஸ்டோர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் பெருமை. புது மெஷினில் அதே போஸ்ட்கிரெஸ் 14, பிஜிபேக்ரெஸ்ட், ஒரு ஐந்து வரி கான்ஃபிக்: ரெப்போ பாதையாக டிஸ்க், டேட்டா ஃபோல்டர் எங்கே, பழைய ஸ்டான்ஸா பெயர் அப்படியே. பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்று அது கேட்பதேயில்லை. தம்பி விண்டோஸ் டிஸ்க்கில் காப்பி செய்து வந்ததால் ஃபைல் உரிமைகள், ஷார்ட்கட் லிங்க் எல்லாம் போயிருக்குமே என்று பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை, உரிமைகள் எல்லாம் பேக்கப்போடு வருகிற பட்டியலான மேனிஃபெஸ்ட் ஃபைலில் எழுதி வைத்திருக்கிறது, அங்கிருந்து எடுத்துக்கொண்டது. ரெஸ்டோர் வகையை நன் என்று கொடுத்தேன், அதாவது ஆர்கைவைத் தேடிப் போகாதே, உள்ளே இருக்கிற வாலை வைத்து எழுந்திரு என்று. ஆர்கைவ் மோடை ஆஃப் என்றும் கொடுத்தேன். இதை மறக்காதீர்கள், ரெஸ்டோர் செய்த டேட்டாபேஸ் பழைய ரெப்போவிலேயே தன் புது வாலைக் கொண்டுபோய்ச் சொருக ஆரம்பித்தால் இரண்டும் கெடும். 12க்கு முந்தைய போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த ஆப்ஷன் வேலை செய்யாது, அங்கே கான்ஃபிக் ஃபைலில் கையால் நிறுத்த வேண்டும்.

180 ஜிபி டேட்டா, டிஸ்க்கில் சுருங்கி 60 ஜிபி சொச்சம். நான்கு ப்ராசஸ் ஓடவிட்டேன். இயல்பாக அது ஒன்றே ஒன்றுதான் ஓடும், இதுவும் எனக்குப் புரியாத ஒரு கஞ்சத்தனம்.

ஒரே ஒரு கூடுதல் வேலை: பழைய சர்வரில் இருந்த லினக்ஸ் டெபியன் 9, புதியதில் டெபியன் 12. இடையில் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின, அதனால் எழுத்து நெடுவரிசைகள் மேல் இருக்கிற இன்டெக்ஸ் எல்லாம் சத்தமில்லாமல் தப்பாகலாம். பெயர், ஊர், பார்ட்டி கோடு என்று எல்லாவற்றுக்கும் ரீஇன்டெக்ஸ் கொடுத்தேன். இதைச் செய்யாமல் விட்டால் பார்ட்டி பெயரைத் தேடினால் வராது, ஆனால் பட்டியலில் இருக்கும், ஆபரேட்டர் இன்னொரு தடவை அதே பெயரைச் சேர்ப்பார், அப்புறம் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஸ்டாக்.

ரெஸ்டோர் கட்டளை சிரித்துக்கொண்டே முடிந்தது, ஒரு குறையும் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸ்ஸை ஆரம்பித்தால், தேவையான செக்பாயின்ட் பதிவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. அதோடு ஒரு யோசனையும் சொல்லும்: நீங்கள் பேக்கப்பிலிருந்து ரெஸ்டோர் செய்யவில்லை என்றால் பேக்கப்-லேபிள் ஃபைலை (எங்கிருந்து வாலை ஓட்ட ஆரம்பிக்க வேண்டும் என்று குறித்து வைத்திருப்பது) நீக்கிப் பாருங்கள் என்று. அதற்கு அடுத்த வரியிலேயே, பேக்கப்பிலிருந்து ரெஸ்டோர் செய்கிறீர்கள் என்றால் அப்படி நீக்கினால் டேட்டாபேஸ் கெட்டுப்போகும் என்று எச்சரிக்கை. ராத்திரி பதினொரு மணிக்கு இதில் நீக்கிப் பாருங்கள் என்பது மட்டும்தான் கண்ணில் படும். நான் பார்த்த கெட்டுப்போன போஸ்ட்கிரெஸ்களில் பாதி இந்த ஃபைலை நீக்கிய கைகளால் கெட்டவை.

ஆனால் இங்கே எனக்கு வேறு வழி இல்லை. வால் எங்குமே இல்லை. அக்கவுன்ட்டைத் திறக்கச் சொல்லி இரண்டு நாள் மெயில் போட்டோம், டேட்டா அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. வேறு சர்வரில் கூடவே ஓடும் ரெப்ளிகா பிரதியும் கிடையாது. ஒன்றரை மாதத்துக்கு முன் எடுத்த ஒரு பிஜி-டம்ப் (டேபிள்களை அப்படியே ஒரு ஃபைலில் கொட்டி எடுத்தது) மட்டும் கடை முதலாளி மகனின் லேப்டாப்பில் இருந்தது, அவருக்கே அது இருப்பது தெரியாது.

டேட்டா ஃபோல்டரை முழுசாக ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பிரதியில் மட்டும் லேபிளை நீக்கினேன், பிஜி-ரீசெட்வால் கொடுத்தேன் கட்டாயப்படுத்தி. (பெயரே சொல்கிறது, அறுந்த வாலுக்குப் பதில் ஒரு புது மொட்டை வாலை ஒட்டுவது.) எழுந்தது. அந்த நிலையில் அதை யாரும் டேட்டாபேஸ் என்று நினைத்து வேலை செய்யக்கூடாது, அவசரமாகத் தேவையானதை டம்ப் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். டேபிள் டேபிளாக டம்ப் எடுத்தேன். இரண்டு டேபிள்களில் பரிவர்த்தனை நிலையைப் படிக்க முடியவில்லை என்று நடுவில் நின்றது, அவற்றை ஐடி வரிசையில் துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருந்தது.

புது காலி டேட்டாபேஸில் ஏற்றும்போதுதான் முகம் தெரிந்தது. பிரைமரி கீ போட முடியவில்லை, ஒரே ஐடியில் இரண்டு வரி. ஒரு நூல் ரகத்தின் இருப்பு மாற்றத்துக்கு முந்தையதும் பிந்தையதும் இரண்டுமே உயிரோடு இருக்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் எண்ணப்பட்ட அதே பை! அப்படி 37 வரிகள். பில்லுக்குள் வரும் வரிகள் இருக்கின்றன, தாய் பில் இல்லை, அப்படி இன்னும் சில. அதிகாலை 2 மணிக்குக் கடையில் யாரும் இல்லை, ஏன் இவ்வளவு என்று தோண்டினால், அன்றாட ஸ்டாக் குளோசிங் வேலையை யாரோ 2 மணிக்கே வைத்திருந்தார்கள். பேக்கப் ஓடுகிற அதே நேரம். வால் இருந்திருந்தால் இது ஒரு பொருட்டே இல்லை.

மீதி இரண்டு நாள் நானும் அந்தத் தம்பியும் டெலிவரி சலான் கட்டுகளோடு உட்கார்ந்து, பழைய டம்ப்பையும் வைத்துக்கொண்டு 37ஐயும் சரி செய்தோம். மாட்டிக்கொண்டது இவ்வளவு. கீ, தொடர்பு எதையும் மீறாமல் சத்தமில்லாமல் தப்பாக உட்கார்ந்திருக்கும் வரி எத்தனை என்று சொல்ல வழியே இல்லை. வருகிற மாதம் கோடவுனில் நிஜமாகவே ஒரு தடவை எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மென்பொருள்மேல் என் தீர்ப்பு. அதன் பக்க நியாயம் எனக்குத் தெரியும். பேக்கப் முடியும்போது தேவையான வால் எல்லாம் ஆர்கைவுக்கு வந்துவிட்டதா என்று அது இயல்பாகவே சரிபார்க்கும், வராவிட்டால் பேக்கப் தோல்வி என்று சொல்லும். பழையதைக் கழிக்கும்போதும், வைத்திருக்கிற பேக்கப்புக்குத் தேவையான வாலை, நீங்கள் எவ்வளவு இறுக்கமாக அமைத்திருந்தாலும், தொடாது. அதாவது ரெப்போ முழுசாக ஒரே இடத்தில் இருக்கிற வரை இது கல் மாதிரி. அந்த இரண்டு ஃபோல்டர்களை மனிதர்கள் பிரிப்பார்கள் என்பதை மட்டும் அது யோசிக்கவில்லை. நூறு ஜிபி பேக்கப்புக்கு உள்ளே சில நூறு எம்பி வால் கூடுதலாகப் போனால் யாருக்கு நஷ்டம்? எனக்குத் தெரிந்து இயல்புநிலை ஆனாக இருக்க வேண்டும், வேண்டாதவர் ஆஃப் செய்துகொள்ளட்டும். ரெஸ்டோர் கட்டளையாவது, இந்தப் பேக்கப்புக்குள் வால் இல்லை, ஆர்கைவும் இல்லை, எழாது என்று முன்கூட்டியே கத்தலாம். அது பாட்டுக்கு வெற்றி என்று முடிக்கிறது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்: போஸ்ட்கிரெஸ்ஸோடு வருகிற சாதாரண பிஜி-பேஸ்பேக்கப், 10ஆம் பதிப்பிலிருந்தே வாலையும் சேர்த்துத்தான் கொண்டு வரும், நீங்கள் வேண்டாம் என்றால்தான் விடும். பிஜி-ப்ரோபேக்கப்பில் ஸ்ட்ரீம் என்று ஒரு வகை, அதுவும் தன்னிறைவானது. வால்-ஜி இதே மாதிரி பேக்கப் ஒரு ஃபோல்டர், வால் ஒரு ஃபோல்டர் என்று பிரித்துத்தான் வைக்கும், அதே ஆபத்து. இதையெல்லாம் தெரிந்தும் நான் பிஜிபேக்ரெஸ்ட்டை மாற்றப் போவதில்லை, பெரிய டேட்டாபேஸுக்கு வேகமும் செக்சமும் அதில் கிடைக்கிற மாதிரி வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. 5க்கு 4.

பெரிய இடங்களிலும் கதை இதுதான். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று தப்பான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டு, ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுமே சரியாகக் கைகொடுக்காமல், வேறொரு வேலைக்காகத் தற்செயலாக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீண்டது. அவர்கள் அதை ஒளிக்காமல் எழுதினார்கள், மீட்பு வேலையை நேரலையாகவே காட்டினார்கள். நம் பக்கம் அந்த வெளிப்படை இன்னும் வரவில்லை, நான் கூட இதில் கடைப் பெயரை எழுதவில்லையே.

அப்புறம் நான் மாற்றியவை. எல்லா ஸ்டான்ஸாவிலும் ஆர்கைவ்-காப்பி ஆன். இரண்டாவது ரெப்போ வேறொரு நிறுவனத்தில், வேறொரு கார்டில் பில் போகிற மாதிரி. இதில் ஒரு குழி உண்டு: வால் இரண்டு ரெப்போவுக்கும் தானாகப் போகும், ஆனால் பேக்கப் ஒரு நேரத்தில் ஒரு ரெப்போவுக்குத்தான் போகும், இரண்டாவதுக்குத் தனியாகக் கட்டளை போட்டு வைக்க வேண்டும். தெரியாமல் ஒரு வருடம் இரண்டாவது ரெப்போவில் வாலை மட்டும் சேர்த்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும், எங்கள் பிரச்சினையின் நேரெதிர், தலையில்லாத வால். என்கிரிப்ஷன் போட்டவர்கள் பாஸ்ஃபிரேஸைக் காகிதத்தில் எழுதி, சர்வருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பீரோவில் வையுங்கள். அது இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன எந்தத் தகிடுதத்தமும் நடக்காது, இன்ஃபோ ஃபைலைக்கூடப் படிக்க முடியாது. சின்னச் சின்ன ஃபைல்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் பண்டில் வசதியைப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: நல்ல வசதி, வேகம், ஆனால் அதன்பிறகு மென்பொருள் இல்லாமல் கையால் விரித்து எடுக்கலாம் என்கிற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரு டிஸ்க்கில் பேக்கப்பை மட்டும் எடுத்து, நெட் கேபிளைப் பிடுங்கிய ஒரு பழைய மெஷினில் ரெஸ்டோர் செய்து பார்க்கிறேன். முதல் முறையே ஒரு ஸ்டான்ஸா எழவில்லை, கான்ஃபிக்கில் ஆர்கைவ்-காப்பி வரியைத் தப்பான தலைப்புக்குக் கீழே எழுதியிருந்தேன்.

தம்பி நேற்று கூப்பிட்டார். புது ரெப்போவிலும் ஆர்கைவ் பெருத்துக்கொண்டே போகிறதாம், என்ன செய்யட்டும் என்று கேட்டார். முழு பேக்கப் நான்கு வைத்திருப்பதை இரண்டாகக் குறைக்கச் சொன்னேன், வால் தானாகக் குறையும். “அழிக்கலீங்கண்ணா, கேட்டேன் அவ்வளவுதான்” என்றார் இரண்டு தடவை.